திறந்து பார்க்க முடிந்த ஒரு பெட்டி

துவாஸில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வருகிற ஹைட்ராலிக் சிலிண்டர்களில் சின்னதே என் தோள் உயரம் இருக்கும். கப்பல் கிரேன்களிலிருந்தும் துறைமுக இயந்திரங்களிலிருந்தும் கழற்றி லாரியில் கொண்டுவருவார்கள். பிரிப்போம், தேய்ந்த தண்டைக் குரோம் பூச அனுப்புவோம், சீல் மாற்றுவோம், அழுத்தம் கொடுத்துச் சோதித்துத் திருப்பி அனுப்புவோம். அதனால், ஒரு சனிக்கிழமை மதியம் பாஸுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் துணிப்பைக்குள்ளிருந்து செங்கல் அளவில் ஒரு பொருளை எடுத்து என் மேசையில் வைத்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வார்ப்பு உலோகத்தில் ஒரு பெட்டி. அதன் பக்கத்திலிருந்து ஒரு தண்டு வெளியே வருகிறது. தண்டின் முனையில் எஃகுக் கை ஒன்று. தண்டு வெளிவரும் இடத்தைச் சுற்றி அறுபது வருட அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருந்தது. துடைத்தால், ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பெயர் புடைத்துத் தெரிந்தது.

"ஷாக் அப்சார்பர், தம்பி. என் மோரிஸ் மைனரோடது. நாலு ஒர்க்‌ஷாப்ல கேட்டுட்டேன். புதுசா வேற டைப் மாட்டிடலாம் அங்கிள்னு சொல்றாங்க. எனக்கு இதேதான் வேணும்."

"அரை மணி நேர வேலை அங்கிள்" என்றேன். ஐந்து சனிக்கிழமைகள் ஆயின.

என் படிப்பும் வேலையும் ஹைட்ராலிக்ஸ்தான். இங்கேயே பல்கலைக்கழகத்தில் படித்தேன். ஆனால் இந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஐந்து வாரங்களில் ஒரு பக்கம் அதைக் கழற்றிக்கொண்டும் இன்னொரு பக்கம் அதன் கதையைத் தேடிப் படித்துக்கொண்டும் இருந்தேன். ஒரு பொருளை யார் பழுதுபார்க்கலாம், யாரால் பழுதுபார்க்க முடியும், யாருக்குப் பழுதுபார்த்தே தீர வேண்டியிருக்கிறது என்ற மூன்று கேள்விகள் அந்தக் கதைக்குள் இருந்தன. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்று வேலை. சாலையின் மேடு பள்ளம் தரும் அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஆனால் வாங்கியதை அப்படியே திருப்பித் தருவது அதன் குணம். ஒரு மேட்டில் ஏறி இறங்கிய கார், ஸ்பிரிங் மட்டும் இருந்தால், அடுத்த தெரு வரை துள்ளிக்கொண்டே போகும். அந்தத் துள்ளலை அடக்கி, அதன் ஆற்றலை வெப்பமாக்கி விடுவதுதான் அப்சார்பர் செய்யும் வேலை.

நம்ம ஊர் வில்வண்டிக்கு இந்தப் பிரச்சினை இருந்ததில்லை. வண்டிக்கு அந்தப் பெயரைக் கொடுத்த எஃகுப் பட்டை வில்லில் பல பட்டைகள் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலே துள்ளலைக் குறைத்துவிடும். மாட்டின் வேகத்துக்கு அது போதும். 1900-களில் மோட்டார் கார்களின் வேகம் கூடியபோதுதான் அது போதாமல் போனது. பிரான்சில் ஜூல் த்ரூஃபோ என்பவர் வட்டத் தட்டுகளை ஒன்றோடொன்று அழுத்தி உரசவைக்கும் கருவி ஒன்றைச் செய்தார். அமெரிக்காவில் எட்வர்ட் ஹார்ட்ஃபர்ட் அதன் உரிமையை வாங்கிப் பரப்பினார். வேலை செய்தது. ஆனால் உலர்ந்த உரசலில் ஒரு குறை உண்டு. சின்னக் கல்லானாலும் பெரிய பள்ளமானாலும் அது ஒரே அளவில்தான் எதிர்க்கும். சின்ன அதிர்வில் கார் விறைத்து நிற்கும், பெரிய அதிர்வில் அடக்க முடியாமல் விட்டுவிடும்.

எண்ணெய் அப்படியல்ல. சின்னத் துளை வழியாக எண்ணெயை மெதுவாகத் தள்ளினால் வழிவிடும். வேகமாகத் தள்ளினால் முறைத்துக்கொள்ளும். ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பாருங்கள், விரலுக்கே தெரியும். இந்தக் குணத்தைக் காருக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மொரிஸ் ஊடாய் என்ற பிரெஞ்சுக்காரர். 1927 டிசம்பரில் ஃபோர்டு தன் மாடல் ஏ காரை அறிமுகப்படுத்தியபோது அதில் ஊடாய் வகை ஹைட்ராலிக் அப்சார்பர்கள் நான்கு இருந்தன. பணக்காரர்களின் வண்டிச் சொகுசு சாதாரணக் காருக்கு வந்துசேர்ந்தது அப்போதுதான்.

இங்கிலாந்தில் லுவாக்ஸ், கர்லிங், ஆர்ம்ஸ்ட்ராங் என்று பல பெயர்களில் இந்த நெம்புகோல் வகை அப்சார்பர் வந்தது. யார்க்‌ஷயரில் பெவர்லி என்ற சிறிய ஊரில் இருந்தது ஆர்ம்ஸ்ட்ராங் தொழிற்சாலை. அமைப்பு எளிமையானது. சக்கரம் மேலே போனால் கை மேலே போகும். கை தண்டைத் திருப்பும். தண்டு பெட்டிக்குள் இருக்கும் இரண்டு பிஸ்டன்களை மாறி மாறித் தள்ளும். பிஸ்டன் எண்ணெயை வால்வு வழியாகப் பிதுக்கும். மேலே ஒரு மூடி, எண்ணெய் ஊற்ற ஒரு திருகு, கீழே வால்வைக் கழற்ற இன்னொரு திருகு. அதாவது, இதைச் செய்தவரே 'இது ஒரு நாள் திறக்கப்படும்' என்று நினைத்துச் செய்திருக்கிறார். எண்ணெய் அளவைப் பார்த்து ஊற்றுவது அந்தக் காலத்தில் வழக்கமான சர்வீஸ் வேலைகளில் ஒன்று.

இன்று எல்லாக் கார்களிலும் இருப்பது குழாய் வடிவ டெலஸ்கோப்பிக் அப்சார்பர். உள்ளபடியே அதுதான் மேலானது. நெம்புகோல் வகையில் கொஞ்சம் எண்ணெய், குறுகிய பிஸ்டன் ஓட்டம், அதனால் உள்ளே மிக அதிக அழுத்தம். சீக்கிரம் சூடாகி வலுவிழக்கும். குழாய் வகையில் எண்ணெயும் அதிகம், ஓட்டமும் நீளம். ஆனால் பெரும்பாலும் அதன் வாயை வெல்டிங் வைத்தோ மடித்தோ அடைத்துவிடுவார்கள். கசிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். வாகன உலகம் நல்ல பொருளுக்கு மாறியது, கூடவே திறக்க முடியாத பொருளுக்கும் மாறியது. முதலாவதைப் பாடப்புத்தகம் சொல்கிறது. இரண்டாவதை நான் எங்கேயும் படித்ததில்லை.

*

அங்கிளின் கார் மோரிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்து, 1971 வரை 16 லட்சத்துக்கும் மேல் தயாரான கார். அதன் முன்சக்கரத்தில் இஸிகோனிஸ் ஒரு சிக்கனம் செய்திருக்கிறார். அப்சார்பரின் கையையே சக்கரத்தைத் தாங்கும் மேல் கையாகவும் பயன்படுத்திக்கொண்டார். ஒரு பாகம், இரண்டு வேலை. அழகான யோசனை. ஆனால் பிரேக் பிடித்தாலும் வளைவில் திரும்பினாலும் வருகிற பாரத்தில் ஒரு பங்கு அந்தச் சின்னத் தண்டின் மேல்தான் விழும். இது எனக்கு மூன்றாவது வாரம்தான் புரிந்தது.

முதல் வாரம் நான் செய்தது மடத்தனம். தண்டைச் சுற்றி எண்ணெய் கசிகிறது, சரி, கெட்டியான எண்ணெய் ஊற்றினால் கசியாது என்று நினைத்தேன். பட்டறையில் கைக்குக் கிடைத்த ஐஎஸ்ஓ 220 கியர் ஆயிலை ஊற்றினேன். கசிவு நின்றது. பெருமையோடு எங்கள் ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் புதுக்கோட்டைக்காரர். துவாக்குடியில் பெல் நிறுவனத்துக்கு உதிரி செய்து கொடுத்த ஒரு பட்டறையில் லேத் பழகிவிட்டு இங்கே வந்தவர். கையைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அசையவே இல்லை. தேன் பாட்டிலில் கரண்டி மாதிரி நின்றது.

"கசிவ மறைச்சிருக்கீங்க தம்பி. சரி பண்ணல" என்றார்.

பிறகு எண்ணெயை வடித்துவிட்டு, தண்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். லேசாக ஆடியது. அந்த ஆட்டம்தான் நோய். அறுபது வருடப் பாரத்தில் தண்டு உட்காரும் துளை வட்டம் குலைந்து முட்டை வடிவமாகியிருந்தது. எத்தனை புது சீல் போட்டாலும் ஆடுகிற தண்டு அதைத் தின்றுவிடும். சீல் கெட்டது விளைவு, காரணம் அடியில் இருந்தது. நான் தினமும் கப்பல் சிலிண்டரில் தேடுகிற அதே விஷயம்தான். பொருள் சின்னதாக இருந்ததால் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் அவர்தான் உண்மையான வேலையைச் செய்தார். நான் பிரஸ்ஸில் வைத்துக் கையைக் கழற்றப் போனபோது, "புள்ளி வெச்சீங்களா?" என்று நிறுத்தினார். தண்டிலும் கையிலும் நேருக்கு நேர் பஞ்ச் அடையாளம் வைக்காமல் கழற்றினால், மறுபடி எந்தக் கோணத்தில் மாட்டுவது என்று தெரியாது. பிறகு பெட்டியை மண்ணெண்ணெயில் கழுவினோம். துளையைப் பெரிதாக்கி வட்டமாக்கினார். கன்மெட்டல் கம்பியிலிருந்து புஷ் கடைந்து அழுத்திப் பொருத்தினார். தண்டை மெருகேற்றி, எங்கள் சீல் அலமாரியில் இருந்த ஒரு நைட்ரைல் சீலுக்கு இடம் வெட்டினார். இந்த முறை மெல்லிய எண்ணெய், மோட்டார் சைக்கிள் ஃபோர்க்கில் ஊற்றும் 20 கிரேடு. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கையை மெதுவாக ஏற்றி இறக்கினேன். காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. ஒரு கட்டத்தில் கை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கனமாக, மரியாதையாக நகர்ந்தது. அந்த உணர்வை எந்தக் கணக்கிலும் எழுதிக் காட்ட முடியாது.

*

வேலைக்கு நடுவே அங்கிளிடம் நான் கேட்ட கேள்வி: இந்தக் கார் எப்படி அங்கிள் பிழைச்சுது?

சிங்கப்பூரில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. இந்த ஊர் ஒருகாலத்தில் கார் செய்த ஊர். ஃபோர்டு மலாயா நிறுவனம் 1926-இல் இங்கே தொடங்கியது. 1941-இல் புக்கிட் தீமாவில் அது கட்டிய ஆலைதான் தென்கிழக்கு ஆசியாவின் முதல் ஃபோர்டு கார் ஆலை. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்டது அந்த ஆலைக்குள்தான். போருக்குப் பிறகும் அங்கே கார்கள் பூட்டப்பட்டன. 1980-இல் ஆலை மூடப்பட்டது. சிங்கப்பூரின் கார் பூட்டும் தொழிலும் ஏறக்குறைய அத்தோடு முடிந்தது.

கார் செய்வதை நிறுத்திய ஊர், காரை எறிவதற்கு நல்ல கணக்கு ஒன்று போட்டது. பழைய காரைக் குறித்த காலத்துக்குள் பதிவு நீக்கினால் கட்டிய வரியில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் திட்டம் 1975-இல் வந்தது. 1990 மே மாதம் வாகன உரிமைச் சான்றிதழ் வந்தது. நாம் எல்லோரும் சிஓஇ என்று சொல்கிறோமே, அதுதான். ஆயுள் பத்து வருடம். புதுப்பிக்கலாம், ஆனால் வரித் தள்ளுபடி போய்விடும். சின்னத் தீவு, குறைந்த சாலை, நெரிசல் கூடாது என்பதெல்லாம் நியாயமான காரணங்கள். துவாஸிலிருந்து தேக்காவுக்கு எம்ஆர்டியிலேயே போய்வருகிற எனக்கு அதில் புகாரும் இல்லை. ஆனால் விளைவு ஒன்று உண்டு. பத்து வருடத்தில் போகப்போகிற பொருளை ஆழமாகப் பழுதுபார்க்க யாரும் பழகிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. ஒர்க்‌ஷாப் பையன்கள் "மாத்திடலாம் அங்கிள்" என்று சொன்னது சோம்பலால் இல்லை. அவர்கள் கற்ற தொழில் அது. பழைய பாகம் தேடிப் போக சுங்கை ரோடு சந்தை இருந்தது. அதுவும் 2017 ஜூலையில் மூடப்பட்டது.

அங்கிளின் கார் பிழைத்தது, 35 வயதைத் தாண்டிய கார்களுக்கு என்று இருக்கும் கிளாசிக் திட்டத்தால். ஆண்டுக்கு 45 நாட்கள் வரை ஓட்டலாம். பொங்கல், தீபாவளி, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் என்று நாட்களை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறார்.

"எனக்கு இது பொழுதுபோக்கு. யாழ்ப்பாணத்துல என் மச்சானுக்கு அப்படி இல்ல" என்றார். அவர் குடும்பம் பூட்டன் காலத்தில் அங்கிருந்து வந்தது. உறவினர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

*

இலங்கையில் பழைய பிரிட்டிஷ் கார்கள் நெடுங்காலம் ஓடியதற்கு முதல் காரணம் பொருளாதாரம். 1970-இலிருந்து 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. புதுக் கார் வராது. ஆகவே மோரிஸ் மைனரும், ஆஸ்டின் ஏ40-யும், கேம்பிரிட்ஜும் ஓடித்தான் ஆக வேண்டும். இருப்பதை ஓட்டவைக்கும் கை தீவு முழுக்க உருவானது. அந்தக் கைக்கு ஒரு விசித்திரமான அங்கீகாரமும் கிடைத்தது. இங்கிலாந்தில் பாத் நகரில் மோரிஸ் மைனர் பழுதுபார்க்கும் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், காரை எறியாமல் வாழ்நாள் முழுக்க வைத்திருப்பது பற்றி 1982-இல் ஒரு சிறு நூலே எழுதியவர். 1990-களில் அவருடைய கூட்டுறவில் இலங்கையில் மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். செய்தவன் நாட்டுக்கே உதிரிப்பாகம் திரும்பிப் போனது.

யாழ்ப்பாணத்தின் கதைக்கு இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த குடாநாட்டுக்குள் பெட்ரோல், பேட்டரி, சீமெந்து என்று பல பொருட்கள் போக அரசு தடை விதித்தது. மின்சாரமும் இல்லை. அங்கே ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தச் சில சொட்டு, தங்கம் மாதிரி ஒரு சின்னப் போத்தலில் இருக்கும். "மச்சான் அந்தப் போத்தலத் தலமாட்டுல வச்சுத்தான் படுப்பாராம்" என்றார் அங்கிள்.

இது எப்படிச் சாத்தியமானது என்று பொறியாளனாக யோசித்தேன். மண்ணெண்ணெய் அதிக அழுத்தம் தாங்காது. இன்றைய எஞ்சின்கள் காற்றையும் எரிபொருளையும் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே அழுத்துபவை. அவற்றில் ஊற்றினால் தட்டித் தட்டிச் செத்துவிடும். ஏ40-யின் காலத்து எஞ்சின்கள் ஏழில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அழுத்தின. திறமை குறைந்த எஞ்சின், அதனாலேயே மோசமான எரிபொருளை மன்னித்தது. கூடவே, ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் அதன் எந்த மூலைக்கும் கை போகும். கம்ப்யூட்டர் வைத்த புதுக் கார் அந்த முற்றுகையில் ஒரு மாதம் தாங்கியிருக்காது.

இந்த இடத்தில் என்னையே நான் கொஞ்சம் எச்சரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் தலைமுறையில் பழுதுபார்ப்பது பற்றி அழகழகாகப் பேசுவது சுலபம். எண்ணெய்க் கறை படிந்த கையைப் படம் பிடித்துப் போடலாம். யாழ்ப்பாணத்தில் அந்தக் கார்களில் போனவர்களில் பிரசவ வலியில் இருந்தவர்களும் குண்டடி பட்டவர்களும் உண்டு. கட்டாயத்தால் வந்த திறமையை நாம் கலையாக மட்டும் பார்த்தால், கட்டாயப்படுத்தியவர்களை மறந்துபோவோம். அங்கிளின் மச்சானுக்குத் தேர்வே இல்லை. அங்கிளுக்கு இருந்தது. எனக்கும் இருக்கிறது.

*

தேர்வு என்று ஒன்று இருக்க வேண்டுமானால் சட்டமும் இடம் தர வேண்டும். இதே ஆர்ம்ஸ்ட்ராங் பெயரில்தான் அந்த வழக்கும் இருக்கிறது என்று தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது.

மோரிஸ் நிறுவனம் பல இணைப்புகளுக்குப் பிறகு 1968-இல் பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. 1971-இல் மைனரின் இடத்துக்கு அது மாரினா என்ற காரைக் கொண்டுவந்தது. அதன் முன்பக்கத்தில் அதே பழைய நெம்புகோல் அப்சார்பர்தான். ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனம் மாரினாவுக்கான புகைக்குழாயை, அசலைப் பார்த்து அதே வடிவத்தில் செய்து குறைந்த விலைக்கு விற்றது. குழாயின் வரைபடம் எங்களுக்குப் பதிப்புரிமை உள்ளது, உரிமத் தொகை கொடு என்றது லேலண்ட். கீழ் நீதிமன்றங்கள் லேலண்ட் பக்கம். 1986 பிப்ரவரியில் பிரபுக்கள் சபை அதைப் புரட்டிப் போட்டது. காரை விற்றபின், அதை ஓடும் நிலையில் வைத்திருக்கும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு, அதற்கு வேண்டிய உதிரிப்பாகத்தைப் பதிப்புரிமையைக் காட்டி மறிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இந்தக் கொள்கையை 1997-இல் ஹாங்காங்கிலிருந்து வந்த பிரிண்டர் டோனர் வழக்கில் பிரிவி கவுன்சில் சுருக்கியது. இன்று தொலைபேசிக்கும் டிராக்டருக்கும் 'பழுதுபார்க்கும் உரிமை' கேட்டு உலகம் முழுக்க நடக்கிற சண்டைக்கு ஒரு முன்னோடி இந்தப் புகைக்குழாய்.

ஆனால் உரிமை கிடைத்தாலும் பெட்டியைத் திறக்கிற கை வேண்டும். எங்கள் பட்டறையில் அது ஃபோர்மேனின் கை. ஒர்க் பர்மிட்டில் இருக்கும் தொழிலாளி இத்தனை வருடம்தான் இங்கே வேலை செய்யலாம் என்று ஒரு உச்சவரம்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல்தான் அது நீங்கியது. அந்த வரம்பு வரும் முன் ஊருக்குப் போய்விட வேண்டும் என்ற கணக்கிலேயே வாழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். பத்து வருடக் காரைப் பற்றி எழுதும்போது அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் எனக்கு லேத் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் லேத் எனக்கு ஒரு பருவத்துப் பயிற்சி மட்டும்தான்.

ஆறாவது சனிக்கிழமை அங்கிள் காரையே ஓட்டிக்கொண்டு வந்தார், 45 நாட்களில் ஒன்றைச் செலவழித்து. முன்பக்க மூலையைக் கையால் அழுத்தி விட்டேன். கார் ஒருமுறை எழுந்து, அமர்ந்து, நின்றுவிட்டது. ஃபோர்மேன் பின் இருக்கையில், நான் முன்னால். துவாஸ் சவுத் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு சுற்று. லாரி ஏறி ஏறி அலையாகிக் கிடந்த சாலையில் மைனர் துள்ளாமல் போனது.

திரும்பி வந்ததும் ஃபோர்மேன் குனிந்து தண்டு வெளிவரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"எவ்வளவு நாள் தாங்கும்?" என்று அங்கிள் கேட்டார்.

"மறுபடி கசியும் அங்கிள். கசிஞ்சா கொண்டு வாங்க, தொறந்து பாத்துக்கலாம்" என்றேன்.